அந்த நாய்ப் படம் மட்டும் வேண்டாம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பழைய படங்களை அறிமுகப்படுத்துவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் முடிவெடுத்தேன். பத்து மணிக்கு முன்னால் முடிவெடுக்க எனக்கு நேரம் இருக்காது. துணி காயப்போடும் வேலை இருக்கிறது.

முடிவுக்குக் காரணம் என் மகன். சின்னவன். பதினாலு வயது. மீசை வரும் போல இருக்கிறது, மரியாதை வரும் போல இல்லை. நான் என் போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டைப் பார்த்து லயித்துப் போயிருந்தேன். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

“அப்பா, இவங்க ஏன் எல்லாத்துக்கும் இந்த ஃபில்டர் போட்டிருக்காங்க?”

“அது ஃபில்டர் இல்லடா. படமே அப்படித்தான்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“பாவம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யாரைப் பாவம் என்றான், கதாநாயகனையா என்னையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் உண்மையான காரணம் அவன் இல்லை. பெரியவள். என் மகள். அதை வீட்டில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். கொஞ்ச நாளில் வேறு ஊரில் கல்லூரி, விடுதி என்று போய்விடுவாள். முன்பெல்லாம் என் முதுகிலிருந்து இறங்காதவள். இப்போது எங்கள் இருவருக்கும் நடக்கும் உரையாடலை ஒரு தீப்பெட்டியின் பின்பக்கம் எழுதிவிடலாம். “சாப்டியா?” “ம்.” “தூக்கம் வருதா?” “ம்.” முடிந்தது. போவதற்குள் கொஞ்ச நேரமாவது அவள் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருந்தது. “வாம்மா, சும்மா பக்கத்துல உக்காரு” என்று கேட்கலாம்தான். அப்பாக்களுக்கு அது வாயில் வராது. படம் என்றால் ஒரு சாக்கு.

திட்டத்தை மனைவியிடம் அறிவித்தேன். அவள் தன் வேலைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னையிலிருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் இந்த வீட்டுல ஒரு நல்ல பழைய படம். பசங்களுக்கு நான் காட்டப் போறேன்.”

“நீங்க படம் காட்டறது என்ன புதுசா?”

“கிண்டல் பண்ணாத. அதெல்லாம் வெறும் படம் இல்ல, பாடம்.”

“படத்துக்கும் பாடத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் காலை யாரும் வாரிடாம பாத்துக்குங்க.”

“அப்ப ஆரம்பிச்சுடட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

இந்த இடத்தில் எங்கள் வீட்டு அகராதியைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். ‘உங்க இஷ்டம்’ என்றால் என் இஷ்டம் இல்லை என்று பொருள். ‘ஒண்ணுமில்ல’ என்றால் நிறைய இருக்கிறது, உட்கார் என்று பொருள். என் பங்குக்கு நானும் ஒரு சொல் வைத்திருக்கிறேன். ‘பாக்கலாம்.’ பிள்ளைகள் எது கேட்டாலும் அதுதான். சைக்கிள்? பாக்கலாம். கடற்கரை? பாக்கலாம். நாய்? அதைத்தான் அதிகம் கேட்டார்கள். நாய் வளர்க்கணும், நாய் வளர்க்கணும் என்று இரண்டு பேரும் உயிரை எடுத்தார்கள். நானும் சளைக்காமல் பாக்கலாம், பாக்கலாம் என்று சொல்லிக் காலத்தை ஓட்டினேன். முடியாது என்று சொன்னால் சண்டை வரும். பாக்கலாம் என்றால் யாரும் சண்டை போட முடியாது. பார்வை பார்க்கிறவனுக்கு ஏற்ற சொல் இல்லையா?

ஆமாம், நான் ஒரு கண்ணாடிக்கடையில் பார்வை சோதிக்கிறவன். நாள் முழுக்க இருட்டறை. எதிரே எழுத்துப் பலகை. வருகிறவர் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?” என்று கேட்பதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன் நான். வீட்டில் தேடும் பொருள் மட்டும் கண் முன்னால் இருந்தாலும் எனக்குத் தெரியாது.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நர்சுகளுக்கு டூட்டி போடுவது அவள் பொறுப்பு. அதில் அவள் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்று யாரையும் அவள் கூப்பிடுவதில்லை. “நீ வேண்டாம்மா. பாவம், அந்த வார்டெல்லாம் உன்னால சமாளிக்க முடியாது” என்பாள். அந்தப் பெண்ணுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். “ஏன் முடியாது சிஸ்டர்? எனக்குத்தான் போடணும்” என்று அடம்பிடித்து டூட்டியை வாங்கிக்கொண்டு போகும். இதை அவள் வந்து சொல்ல, நாங்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். இந்தக் காலத்திலும் இவ்வளவு அப்பாவிகள் இருக்கிறார்களே என்று நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

என்னிடம் அதெல்லாம் நடக்காது. நான் யார் சொன்னாலும் கேட்கிறவன் இல்லை. குறிப்பாக அவள் வேண்டாம் என்று சொன்னால் அதை உடனே செய்துவிட்டுத்தான் மறுவேலை. கூடத்தில் கிடக்கும் நீல சோபாவைக் கேளுங்கள். “நீலம் வேண்டாங்க, நம்ம வீட்டுக்கு ஒத்து வராது” என்றாள். அன்று மாலையே நீலம் வந்து இறங்கியது. வீட்டில் ஆண்பிள்ளை என்று ஒருவன் இருப்பதற்கு அந்த சோபாதான் அத்தாட்சி.

அன்று சாயங்காலமே முதல் படம். நான் தேர்ந்தெடுத்தது கண் தெரியாத பாடகன் ஒருவனின் கதை. தொழில் பாசம். மூன்று மணி நேரம், பதினோரு பாட்டு, நான்கு சாவு. பெரியவள் சோபாவின் ஒரு கோடியில் போனோடு ஒடுங்கினாள். நான் மறு கோடியில். நடுவில் சின்னவன் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்துவிட்டான்.

“அப்பா, ஒன்றரை வேகத்துல வைக்கலாமா?”

“ரசிக்கிற விஷயத்துல வேகம் கூடாதுடா.”

டீ எடுக்க நான் எழுந்து போனதுதான் தப்பு. திரும்பி வருவதற்குள் அவன் இரட்டை வேகம் வைத்துவிட்டான். கதாநாயகனின் அம்மா இருமி, ஆசீர்வாதம் பண்ணி, செத்துப்போய், சுவரில் படமாகவும் மாட்டப்பட்டுவிட்டாள். டீ இன்னும் ஆறவில்லை.

கடைசியில் பாடகன் மாடிப்படியில் உருண்டு விழுந்தான். தலையில் அடி. கண் திறந்தது. பார்வை வந்துவிட்டது.

“அப்பா, படியில விழுந்தா கண்ணு தெரியுமா?”

“படத்துல தெரியும்.”

“அப்ப எதுக்கு அவ்ளோ பெரிய கடை? ஒரு மாடிப்படி கட்டி விட்டா போதுமே.”

பெரியவள் சிரிப்பாள் என்று திரும்பினேன். சோபாவின் அந்தக் கோடி காலியாக இருந்தது.

“அக்கா எங்கடா?”

“இடைவேளைன்னு போட்டாங்கல்ல. அப்பவே போயாச்சு.”

இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மனைவி ஒரு பார்வை பார்த்தாள். சொல்லியிருந்தால் தேவலை.

நான் சோர்ந்துவிடவில்லை. நடுவாரத்தில் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் சிக்கியபோது என் தொழில் முறையையே கையாண்டேன். ஆளுக்கு உரிமை கொடுப்பதுபோல் கொடுத்து, இரண்டில் ஒன்றைத் தலையில் கட்டுவது.

“அடுத்த வாரம் கோர்ட்டுப் படமா, இரட்டை வேஷப் படமா? ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?”

“ரெண்டுமே மங்கலாத்தான் இருக்கு,” என்றான் சின்னவன்.

அவனை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினேன். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டேன். “நீ சொல்லும்மா. கோர்ட்டுப் படம் பிரமாதமா இருக்கும். நாம சேந்து பாக்கலாமா?”

அவள் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்.

“பாக்கலாம்பா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கடையில் சோதித்த எல்லோருக்கும் பார்வை நன்றாக இருப்பதாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை திண்டுகளைத் தட்டிப் போட்டேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். சோளப்பொரி பொரித்து, அவளுக்குப் பிடித்த கிண்ணத்தில் போட்டு, அவள் உட்காரும் பக்கமாகவே வைத்தேன். நாலு மணிக்கு அவள் தலை சீவிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“பிரண்டு வீட்டுக்குப்பா.”

“படம்? பாக்கலாம்னு சொன்னியே?”

“ஆமா, பாக்கலாம்னுதான் சொன்னேன்,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் முகத்தில் ஒரு துளிக் குறும்பு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மனைவியிடம் போய் முறையிட்டேன்.

“வாக்குக் கொடுத்துட்டு மீறிட்டா பாரு!”

“அவ எந்தப் பாக்கலாம் சொன்னா?”

“பாக்கலாம்ல எத்தனை பாக்கலாம் இருக்கு?”

“ரெண்டு இருக்கு. படம் பாக்கற பாக்கலாம் ஒண்ணு. நாய் கேட்டா நீங்க சொல்ற பாக்கலாம் ஒண்ணு. இந்த வீட்டுல பிறந்த பிள்ளை, ரெண்டாவதைத்தானே கேட்டு வளந்திருக்கு.”

அன்று கோர்ட்டுப் படத்தை நானும் சோளப்பொரியும் பார்த்தோம். சின்னவன் பொரி தீரும் வரை இருந்தான். கூண்டில் நிற்கிறவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தீர்ப்பானபோது எனக்கு அழுகை முட்டியது. அவனுக்காவது வக்கீல் இருந்தார்.

மூன்றாவது வாரம் எனக்குப் பயமே வந்துவிட்டது. ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. மகளின் பெட்டி அலமாரியின் மேலிருந்து கீழே இறங்கிவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எந்தப் படம் போட்டா பசங்க உக்காருவாங்க? நீ ஒரு யோசனை சொல்லேன்.”

“எனக்கென்ன தெரியும்? பேய்ப் படம் போடுங்க. சண்டைப் படம் போடுங்க. எது வேணும்னாலும் போடுங்க.” ஒரு போர்வையை உதறினாள். “அந்த நாய்ப் படம் மட்டும் வேண்டாம்.”

“எந்த நாய்ப் படம்?”

“அதாங்க, தபால்காரரும் நாயும். மறந்துபோச்சா? வேண்டாம், ஞாபகப்படுத்தல, விடுங்க.”

ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் கல்யாணமான புதிதில் பார்த்த படம். ஒரு தெருவில் எல்லாத் தபால்காரரையும் கடிக்கும் ஒரு நாய். புதிதாக வரும் பயந்தாங்கொள்ளித் தபால்காரர். கடைசியில் இருவரும் பிரிய முடியாத சிநேகிதர்கள். அருமையான படம். இதை எப்படி மறந்தேன்?

“அது ஏன் வேண்டாம்?”

“நீங்க அழுவீங்க.”

“நானா?”

“போன தடவை என் முந்தானை மொத்தமும் நனைஞ்சுது. பசங்க முன்னாடி தேம்பித் தேம்பி அழுதீங்கன்னா நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாங்க. அதோட, நாயைப் பாத்தா இதுங்க ரெண்டும் மறுபடியும் ஆரம்பிச்சுடும். நாய் வாங்கு, நாய் வாங்குன்னு. உங்களால சமாளிக்க முடியாது. வேண்டாங்க.”

முடியாதா? எனக்கா? ‘பாக்கலாம்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனுக்கா?

“இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் படம்தான்,” என்றேன்.

“சொன்னா கேட்டாத்தானே,” என்று அவள் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மகளை வீட்டில் நிறுத்த நான் ஒன்றும் செய்யவில்லை. சின்னவன்தான் “அக்கா, நாய்ப் படமாம்” என்று ஒரு குரல் கொடுத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மனைவி கூட இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் காட்சியில் நாய் தபால்காரரின் கால்சட்டையைக் கிழித்தது. சின்னவன் கைதட்டினான். ஒன்றரை வேகம் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில், தபால்காரருக்குக் காய்ச்சல் வந்து, நாய் தன்னந்தனியாகப் பையைக் கவ்விக்கொண்டு வீடு வீடாகப் போகும் இடத்தில், அவள் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துக்கே வந்துவிட்டாள். தலையை என் தோளில் சாய்த்தாள். நான் மூச்சுக்கூட மெல்லத்தான் விட்டேன். கை மரத்துப் போனது. எடுக்கவில்லை. கையே போனாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

பிறகு தபால்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அரசாங்கக் குடியிருப்பில் நாய் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். தபால்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரி முன்னால் நிற்கிறார். மேலதிகாரி காகிதத்திலிருந்து தலை தூக்காமல் ஒரே ஒரு சொல் சொல்கிறார்.

“பார்க்கலாம்.”

நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரர் தினமும் போய் நிற்கிறார். தினமும் பார்க்கலாம். வண்டி கிளம்பும் நாளும் வந்துவிட்டது. அனுமதி வரவில்லை. மறுநாள் காலை நாய் தனியாக அந்தத் தெருவில் நடக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறது. ஒரு கடிதம் கொடுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, அடுத்த வாசலுக்குப் போகிறது.

“அப்பா, அழறீங்களா?” என்றாள் பெரியவள்.

“கண்ணுல தூசிம்மா.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

அவ்வளவுதான், அணை உடைந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“அந்த மேலதிகாரி மனுஷனா அவன்? பாக்கலாமாம், பாக்கலாம்! முடியும்னா முடியும்னு சொல்லு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. ஒரு வாயில்லாத ஜீவனை இப்படி இழுத்தடிக்கலாமா? நெஞ்சுல ஈரம் வேண்டாம்? அந்த நாய் மட்டும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னிருந்தா, அடுத்த நிமிஷமே உள்ள தூக்கிட்டு வந்திருப்பேன்!”

படம் முடிந்துவிட்டது. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

“அப்பா,” என்றான் சின்னவன், ரொம்ப மரியாதையாக. “பாக்கலாம்னு சொல்றவன் மனுஷனே இல்ல. அப்படித்தானேப்பா?”

பெரியவள் சிவந்த கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் தூக்கிக்கொள்ளச் சொல்லி இப்படித்தான் பார்ப்பாள்.

“வாங்கலாம்,” என்றேன்.

“வாங்கலாமா, பாக்கலாமா?”

“வாங்கலாம்டா!”

“இதுக்குத்தான் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்,” என்றாள் மனைவி நெற்றியில் கைவைத்து. “யார் கேட்டா? சரி, வாக்குக் கொடுத்துட்டீங்க. எங்க ஆஸ்பத்திரியில ஒரு அக்கா வீட்டுல நாய் குட்டி போட்டிருக்காம். கேட்டுப் பாக்கட்டுமா?”

கேட்டுப் பார்க்க அவளுக்கு ஒரு போன் கால் போதுமாக இருந்தது. மறுநாள் மாலை குட்டி வந்துவிட்டது. பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. வந்ததும் நீல சோபாவில் என் இடத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதுவரை சரி. அடுத்துதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மனைவி அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கழுத்துப்பட்டை எடுத்தாள். பிறகு ஒரு சங்கிலி. பிறகு சாப்பாட்டுக் கிண்ணம். பிறகு ஒரு ரப்பர் எலும்பு.

“இதெல்லாம் எப்ப வாங்கின?”

“எதெல்லாம்?”

“பட்டை கழுத்துக்குக் கச்சிதமா இருக்கே!”

“அளவு எடுத்துத்தான வாங்கினோம்,” என்றான் சின்னவன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அம்மா பிள்ளை. முகவெட்டும் அப்படி, மூளையும் அப்படி. பெரியவள் என்னைக் கொண்டு பிறந்தவள். அவள் இந்தச் சதியில் இல்லை என்பது அவள் வாய் பிளந்து நின்றதிலேயே தெரிந்தது.

நான் மனைவியைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

“உண்மையைச் சொல்லு. அந்தப் படத்துல பாக்கலாம்னு ஒரு வசனம் வருதுன்னு உனக்கு ஞாபகம் இருந்துச்சு.”

“லேசா.”

“அப்ப நாய்ப் படம் வேண்டாம்னு நீ சொன்னது?”

“வேண்டாம்னுதாங்க சொன்னேன். நீங்கதான் கேக்கல.”

“என்னையும் டூட்டி கேக்க வச்சுட்ட!”

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்குள் ஒவ்வொன்றாக வெளிச்சம் விழ ஆரம்பித்தது. எழுத்துப் பலகையில் கீழ் வரிசை தெரிய ஆரம்பித்த ஆள் மாதிரி நின்றேன்.

“இரு. இரு. அந்த சோபா?”

“எனக்கு நீலம்னா உயிருங்க.”

“மாடி வீடு வேண்டாம், மூட்டு வலிக்கும்னு சொன்னியே?”

“காத்து எவ்ளோ நல்லா வருது பாத்தீங்களா?”

கடைசியாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் எங்கள் கடைக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வந்தவள்தான். நான் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டதில் அவள் பார்வை சரியானது, என் பார்வை கெட்டது. மூன்றாம் முறை கண்ணாடியின் மூக்குத்தண்டு இறுக்க வந்தபோது நான் தைரியமாக மனதைத் திறந்து சொன்னேன். அவள் அன்று சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “நான் ரொம்பக் கோபக்காரி. உங்களுக்கு நான் ஒத்து வர மாட்டேன். வேண்டாங்க.” அன்று மாலையே நான் என் அப்பாவை அழைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

“அப்ப… நம்ம கல்யாணம்?”

அவள் துணியைக் கொடியில் போட்டாள். என் சட்டைக் காலரைச் சரி பண்ணினாள்.

“மூக்குத்தண்டு முதல் தடவையே சரியாத்தாங்க இருந்துது,” என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஆனாலும் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். இனி அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என்னை யாரும் எதையும் கேட்க வைக்க முடியாது. இந்த வீட்டில் இனி நடப்பதெல்லாம் அவரவர் சொந்த புத்தியில் நடக்கும்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். குட்டி என் கட்டிலோரம் வந்து முனகியது. மனைவி அசையவில்லை. யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நானாகவே எழுந்தேன். நானாகவே சங்கிலியை மாட்டினேன். சுதந்திரம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

வாசற்கதவுக்குப் போனால் அங்கே பெரியவள். சீவாத தலை, தூக்கக் கண், காலில் செருப்பு.

“நானும் வரேன்பா.”

இந்தப் பிள்ளையைப் பத்து மணிக்கு முன்னால் எழுப்ப வீட்டில் மூன்று அலாரம் தோற்றிருக்கிறது.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. குட்டி ஒவ்வொரு கம்பத்தையும் விசாரித்துக்கொண்டு வந்தது. நாங்கள் அதன் வேகத்துக்கு நடந்தோம். முதல் முனை திரும்பினோம். அப்புறம் மடை திறந்தது. விடுதியை நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது என்றாள். நெருங்கிய சிநேகிதி ஒருத்தி ஒன்றுமில்லாததற்குப் பேச்சை நிறுத்திவிட்டாளாம். அங்கே தனக்குத் துணி துவைக்க வராது, இரவில் விளக்கணைத்தால் பயமாக இருக்கும், இதையெல்லாம் சொன்னால் தம்பி கிண்டல் பண்ணுவான் என்றாள். “தினமும் போன் பண்ணினா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமாப்பா?” என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். இதற்காகத்தானே நான் பாடகனைப் படியில் உருட்டினேன், ஒரு நிரபராதியைக் கூண்டில் ஏற்றினேன்! எந்தப் பழைய படமும் வாங்கித் தராததை இந்த மடிந்த காது வாங்கித் தந்துவிட்டது.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தோம். எனக்கு மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவில் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தேன்.

“ஏம்மா, என்கூட வரணும்னு உனக்காவே தோணிச்சா?”

“எனக்காவேதாம்பா!” என்றாள் பெருமையாக. “அம்மா கூட, ‘காலையில எந்திரிச்சு அப்பாகூட நடக்கறதெல்லாம் உன்னால முடியாது, வேண்டாம் விடு’ன்னாங்க. விடுவேனா? நான் யாரு, உங்க பொண்ணாச்சே!”